வாடும் தாயிலிருந்து ஆர்க்கிட் கன்றைக் காப்பாற்றி நடுவது

வேர் அழுகி இலை சுருங்கிப்போன ஃபலெனோப்சிஸ் ஆர்க்கிட் செடியின் பழைய பூந்தண்டில், ஒருநாள் காலையில் இரண்டு சின்ன இலைகள் எட்டிப் பார்க்கும். மொட்டு வருகிறது, செடி தேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரையும் உரத்தையும் கூட்டுவார்கள். மீதி இருந்த வேரும் அதில் போய்விடும். வந்தது மொட்டு இல்லை, கன்று. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைக் கெய்கி என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்.

வாழைக்கன்று கிழங்கிலிருந்து மண்ணுக்குள்ளேயே கிளம்பும், அதற்குத் தொடக்கத்திலிருந்தே மண் உண்டு. கெய்கி கிளம்புவது அந்தரத்தில், தண்டின் கணுவில். சொந்த வேர் நீளும்வரை தாயின் சாறுதான் அதற்குச் சோறு. சீக்கிரம் வெட்டினால் கன்று பட்டினி கிடக்கும். காத்திருந்தால் தாயின் நோய் கன்றுக்கு வரலாம். எனவே கத்தியைத் தேடுவதற்கு முன்னால் தாய்க்கு என்ன கேடு என்று பார்த்தாக வேண்டும். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

தாய்க்கு என்ன நோய்?

செடியைச் சாடியிலிருந்து வெளியே எடுங்கள். வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் கழன்று உள்ளே நூல்போல ஒரு இழை மட்டும் மிஞ்சினால் அந்த வேர் செத்துவிட்டது.

வேர் மட்டும் போய், இலைகள் சுருங்கியும் பச்சையாக இருந்தால் அது தாகம். அதிகத் தண்ணீரால் வேர் அழுகி, அதனால் வந்த தாகம். இந்தத் தாய் இன்னும் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தாங்கும். கன்றை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. செத்த வேரை நறுக்கிவிட்டுப் புதுக் கலவையில் தாயை வைத்து, கன்றை அதன்மேலேயே விடுங்கள்.

குருத்து அழுகல் வேறு விஷயம். நடு இலையைத் தொட்டால் கையோடு வந்துவிடும், அடிப்பக்கம் கறுத்து ஈரமாக இருக்கும். இலைகளுக்கு நடுவே மழைநீர் தேங்கி இரவெல்லாம் நின்றதுதான் வழக்கமான காரணம். மொரிசியஸ் மேட்டுநிலத்தில், குரேப்பிப், வாக்வா பக்கத்துத் தூறலில் இது அடிக்கடி நடக்கும். பூந்தண்டு கிளம்புவது குருத்தில் இல்லை, கீழே இலைக்கக்கத்தில். அதனால் குருத்து போன பிறகும் தண்டில் இருக்கும் கன்று சில நாள் நன்றாகவே தெரியும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அழுகல் தண்டின் அடியைத் தொடுமுன் தண்டோடு வெட்டி எடுத்துவிடுங்கள். நாற்றத்தோடு, தண்ணீர்ப் புண்போல ஒரே இரவில் பரவும் அழுகல் பாக்டீரியா வேலை. அங்கே மறுநாள் வரைகூட விடக்கூடாது.

தண்டை வெட்டியதும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளிர்பச்சையாக, சுத்தமாக இருந்தால் சரி. பழுப்புப் புள்ளியோ ஊதா வளையமோ தெரிந்தால் நோய் உள்ளே ஏறிவிட்டது. சுத்தமான இடம் வரும்வரை மேலே மேலே வெட்டிப் போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுட்டுக்கொண்டு. கன்றின் அடிவரை பழுப்பு வந்துவிட்டால் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

கடைசியாக, மனத்துக்கு ஒவ்வாத ஒன்று: வைரஸ். இலையில் வெளிர்-கரும் பட்டைகள், வளையப் புள்ளிகள், குழிந்த கறுப்புக் கீறல்கள், பூவில் நிறம் திட்டுத்திட்டாக உடைந்து தெரிவது ஆகியவை சிம்பிடியம் மொசைக் வைரஸுக்கும் ஒடோன்டோக்ளோசம் வளையப்புள்ளி வைரஸுக்கும் அடையாளங்கள். மருந்து கிடையாது. கன்று தாயின் அச்சு நகல், தாயின் சாற்றிலேயே வளர்வது. அதனால் பூவின் நிறம் எப்படி வருமோ அப்படியே வைரஸும் வரும். இருபது செடி வைத்திருப்பவர் அந்த ஒரு கன்றுக்காகப் பத்தொன்பதையும் பணயம் வைப்பது சரியில்லை. தாயையும் கன்றையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். வெயிலில் கருகிய இலையையும் பூஞ்சைப் புள்ளியையும் வைரஸ் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சந்தேகம் என்றால் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியே வைத்து, புதிதாக வரும் இலையிலும் அதே கோலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

எது கன்று, எது இல்லை

ஃபலெனோப்சிஸில் பூந்தண்டின் கணுவில் வருவதுதான் பிரிக்கத் தக்க கன்று. செடியின் அடியிலேயே, இலைகளுக்கிடையில் வருவது அடிக்கன்று. அதற்குத் தாயோடு ஒரே தண்டு. சொந்த வேர் வந்தாலொழிய அதைத் தொடாதீர்கள். குருத்து போன தாய் பல சமயம் அடிக்கன்று விட்டுத்தான் பிழைக்கும். பிரிக்கப் போனால் இரண்டும் சாகும்.

டெண்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில் கரும்புபோன்ற தண்டின் மேல் கணுக்களில் கன்று வரும். வேர் கெட்டாலும் வரும், தழைச்சத்து உரம் அதிகமானாலும் வரும். வாண்டாவில் அடிப்பக்கம் வரும், கை நீளம் வளர்ந்து பல வேர் விடும்வரை அதை விட்டுவிடுங்கள். நாணல்போல் நீண்டு வளரும் எபிடென்ட்ரம் தண்டெல்லாம் கன்றும் வேருமாக நிற்கும், வெட்டி நட்டால் தானே பிடித்துக்கொள்ளும். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

எப்போது வெட்டலாம்

தாய் தாங்கும் என்றால் அளவு இது: குறைந்தது இரண்டு இலை, இரண்டு மூன்று வேர், ஒவ்வொரு வேரும் ஃபலெனோப்சிஸில் 5 சென்டிமீட்டர், டெண்ட்ரோபியத்தில் 3 சென்டிமீட்டர். வேர்நுனி பச்சையாகவோ சிவப்பாகவோ பளபளத்தால் வேர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் நல்ல வேளை. நுனி வெள்ளையாக மூடியிருந்தால் வேர் தூங்குகிறது, இரண்டு வாரம் பொறுக்கலாம்.

மொரிசியஸில் செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை பிரித்து நட்டால், வெயில் ஏற ஏற வேரும் ஓடும், புயல் மாதங்களுக்குள் கன்று சாடியில் உறுதியாக நின்றுவிடும். ஜூன், ஜூலையில் மேட்டுநிலத்தில் இரவு 15 டிகிரிக்குக் கீழே போவதுண்டு. ஃபலெனோப்சிஸ் கன்றுக்கு அது வளர்ச்சி நிற்கும் குளிர். தாய் சாகிற மாதத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாதுதான். குளிர்காலத்தில் வெட்ட நேர்ந்தால் கன்றை வீட்டுக்குள் கிழக்கு ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தண்ணீர் போதும்.

வேர் இல்லாத கன்று

பெரும்பாலும் வந்து நிற்பது இந்த நிலைமைதான்: தாய் போகிறது, கன்றுக்கு இலை இருக்கிறது, வேர் இல்லை.

தாயின் தண்டு இன்னும் பச்சையாக இருந்தால் கன்றைத் தண்டிலேயே வைத்து வேர்விட வையுங்கள். ஸ்பாக்னம் பாசியை (ஆர்க்கிட் நட விற்கும் உலர்ந்த பாசி) நனைத்து, சொட்டு விழாத அளவுக்குக் கையால் நன்றாகப் பிழியுங்கள். எலுமிச்சம்பழம் அளவு எடுத்துக் கன்றின் அடியைச் சுற்றிவைத்து நூலால் தளரக் கட்டுங்கள். இலைகள் சேரும் நடுப்பகுதி பாசிக்கு மேலே தெரிய வேண்டும். பாசியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு, இந்த ஊர் ஈரத்துக்கு அது வேண்டாம், அழுகும். பாசியின் மேல் காய்ந்ததும் தெளிப்பானால் நனையுங்கள். ஆறிலிருந்து பத்து வாரத்தில் வேர் தெரிய வேண்டும்.

தாயின் அடி அழுகிவிட்டால் பூந்தண்டை அழுகலுக்கு மேலே சுத்தமான இடத்தில் வெட்டி, கன்றோடு அப்படியே ஒரு கண்ணாடிக் குப்பியில் 3 சென்டிமீட்டர் தண்ணீரில் நிறுத்துங்கள். கன்று தண்ணீரைத் தொடக்கூடாது. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டின் அடியை அரை சென்டிமீட்டர் நறுக்கிவிடுங்கள். தண்டு பச்சையாக இருக்கும்வரை கன்றுக்குத் தண்ணீர் போகும். சில வாரம் இப்படி ஓட்டலாம், அதற்குள் மேலே சொன்னபடி கன்றின் அடியில் கட்டிய பாசிக்கட்டில் வேர் வந்தால் ஆதாயம். தண்டு மஞ்சளாகிவிட்டால் அதற்குமேல் அதை நம்பாமல் கன்றைப் பிரித்துப் பாசியில் நடுங்கள்.

கெய்கிப் பசை என்று ஹார்மோன் களிம்பு விற்கிறது. அது உறங்கும் கணுவை எழுப்பிப் புதுக் கன்று வரவைக்கும், இருக்கிற கன்றுக்கு வேர் தராது. வாடும் தாயில் தடவினால் இருக்கிற கொஞ்சம் சத்தும் நாலு கன்றுக்குப் பங்காகி, நாலும் நோஞ்சானாக நிற்கும்.

வனிலாவும் ஆர்க்கிட்தான். 1841இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டது பக்கத்து ரீயூனியனில்தான். வனிலாக் கொடியை வெட்டி நட்டால் வேர்விடும் என்பதைப் பார்த்தவர்கள், ஃபலெனோப்சிஸின் வெறும் பூந்தண்டையும் வெட்டிக் கலவையில் குத்திவைப்பார்கள். அது வேர்விடாது, காய்ந்து போகும்.

வெட்டுதல்

தேவைப்படுவது: புது பிளேடு அல்லது கூரான கத்தி, கேஸ் அடுப்பு, லவங்கப்பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு கிண்ணம் மழைத்தண்ணீர்.

கத்தியைக் கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் செக்கச் சிவக்கக் காட்டி ஆறவிடுங்கள். விளக்குச் சுடரும் கற்பூரச் சுடரும் போதாது, கரி படியுமே தவிர சூடு ஏறாது. சாராயத் துடைப்பு (கிருமிநாசினி ஆல்கஹால்) பூஞ்சையையும் பாக்டீரியாவையும் பார்த்துக்கொள்ளும், வைரஸுக்கு அதை நம்ப முடியாது. நிறையச் செடி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது பிளேடு என்று வைத்துக்கொள்வது சுலபம்.

ஃபலெனோப்சிஸில் கன்று நிற்கும் கணுவுக்கு மேலே 2, கீழே 2 சென்டிமீட்டர் தண்டை விட்டு வெட்டுங்கள். இந்தக் கட்டை கன்றைச் சாடியில் நிறுத்த உதவும், வெட்டுக்காயமும் கன்றிலிருந்து தள்ளி இருக்கும். கன்றை மட்டும் பிய்த்தெடுத்தால் அடி கிழியும். டெண்ட்ரோபியத்தில் நன்றாக முற்றிய கன்று லேசாகத் திருப்பினாலே கழன்று வரும். வரவில்லை என்றால் பலம் காட்டாமல் கத்தியை எடுங்கள்.

பட்டைத்தூளை விரலில் தொட்டு வெட்டுமுகத்தில் மட்டும் பூசுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிக் காயத்தை உலர்த்தும். அதனாலேயே வேரில் பட்டால் வேரையும் உலர்த்திவிடும். மஞ்சளோ கரித்தூளோ பூசுகிறவர்களும் வெட்டில் மட்டும் பூசட்டும். பிறகு நிழலில் சில மணி நேரம் ஆறப் போடுங்கள்.

சாடியும் கலவையும்

தயிர்க் கப் போன்ற 7–8 சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் கப் போதும். ஒளி ஊடுருவும் கப் என்றால் வேரைப் பார்த்தே தண்ணீர் விடலாம். காய்ச்சிய ஆணியால் அடியில் ஆறேழு ஓட்டை, பக்கவாட்டில் நாலு ஓட்டை போடுங்கள். பெரிய சாடி கன்றுக்கு நல்லது என்பது தவறான கணக்கு. வேர் எட்டாத கலவை நடுவில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும்.

ஃபலெனோப்சிஸ் கன்றுக்கு 5–10 மில்லிமீட்டர் மரப்பட்டை மூன்று பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, மரக்கரி ஒரு பங்கு. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். ஒருநாள் முழுக்க ஊறவைத்து மூன்றுமுறை தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வேர்நுனி கறுக்கும். பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி கூடாது, அதில் ஒட்டும் பொருள் சேர்ந்திருக்கும். மரத்தின் வடிவம் தெரியும் கரியாகப் பார்த்து வாங்குங்கள்.

மேட்டுநிலத்தில் மட்டைத் துண்டைக் குறைத்து, கரியையோ சன்னமான எரிமலைக்கல் சல்லியையோ கூட்டுங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற மேற்குக் கடலோரத்தில் எதிர்மாறு: கலவை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், அதனால் வேரைச் சுற்றி ஒரு சுற்றுப் பாசி வைப்பது நல்லது. எங்கேயானாலும் கப்பின் அடியில் 2 சென்டிமீட்டர் கல்சல்லி போட்டால் காற்றில் கவிழாது.

கரும்புச்சக்கை எங்கும் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். சர்க்கரை ஒட்டியிருப்பதால் நொதித்துச் சூடாகும், எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும், சில வாரத்தில் சேறாகிவிடும். வேண்டாம். ஃபஞ்ஜான் என்று ரீயூனியனில் சொல்லும் மரப்பெரணித் தண்டில் ஆர்க்கிட் அற்புதமாக வேர்விடும், உண்மைதான். ஆனால் அந்தப் பெரணி மிக மெதுவாக வளர்வது. வீட்டில் பழைய சாடி இருந்தால் கொதிநீர் ஊற்றிப் பயன்படுத்துங்கள், காட்டில் போய் வெட்டாதீர்கள்.

நடுதல்

காய்ந்த வேர் வெள்ளிநிறமாக, விறைப்பாக இருக்கும். வளைத்தால் பட்டென்று உடையும். எனவே முதலில் கன்றின் வேரை மழைத்தண்ணீரில் 15–20 நிமிடம் ஊறவையுங்கள். பச்சையாகி வளைந்து கொடுக்கும். கப்பின் சுவரோரமாக வேரைச் சுற்றி இறக்கி, இடைவெளியில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கப்பைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். குச்சியால் குத்தி அடைக்க வேண்டாம்.

ஆழம்தான் முக்கியம். வேர் கிளம்பும் இடம் கலவையின் மேல்மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும், இலையின் அடி வெளியே இருக்க வேண்டும். ஆடாமல் நிற்கட்டும் என்று கழுத்துவரை புதைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அழுகல் அங்கேதான் தொடங்கும். ஆடுகிறது என்றால் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, பூந்தண்டுக் கட்டையை அதில் கட்டுங்கள். ஆடும் கன்று ஒவ்வொரு காற்றுக்கும் புது வேர்நுனியைக் கல்லில் உரசித் தேய்த்துக்கொள்ளும்.

முதல் ஆறு வாரம்

நட்ட பிறகு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம், ஒடிந்த வேர் ஆறட்டும். இலைமேல் காலையில் ஒரு தெளிப்பு போதும். அதன்பின் வேரின் நிறம் பார்த்து ஊற்றுங்கள்: பச்சை என்றால் காத்திருங்கள், வெள்ளி என்றால் ஊற்றுங்கள். எப்போதும் காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் குருத்து காய்ந்திருக்க வேண்டும். குருத்தில் நீர் நின்றால் தாள் முனையால் ஒற்றி எடுங்கள்.

ஒளிக்கு எளிய சோதனை: மத்தியானம் கன்றுக்கு மேலே கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழ வேண்டும். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. டெண்ட்ரோபியத்துக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும். நம் வீடுகளின் காங்கிரீட் மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி வைக்கிறவர்கள் தளத்தின் சூட்டை மறந்துவிடுகிறார்கள். மேலே வலை, கீழே அடுப்பு. மாமரத்தடியோ வராந்தாவின் கிழக்குப் பக்கமோ மேல்.

உரம் அவசரமில்லை. புதிய பச்சை வேர்நுனியோ புது இலையோ தெரிந்த பிறகு, 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) கால் தேக்கரண்டி எடுத்து 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து வாரம் ஒருமுறை விடுங்கள். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கப்புகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். கடலோர வீடுகளில் வெளியே விட்ட செடிகளின் இலையில் புயலுக்குப்பின் உப்பு படிந்திருக்கும், நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கெட்டுப்போகும் விதங்கள்

இலை சுருங்குகிறது என்றதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேரைப் பாருங்கள். வேர் வெள்ளியாக இருந்தால் தாகம். பழுப்பாகக் குழைந்திருந்தால் அதிகத் தண்ணீர். இலையில் இரண்டுக்கும் ஒரே முகம், சிகிச்சை நேர்மாறு. வேர் முழுக்கப் போய்விட்டால் வெட்டிச் சுத்தம் செய்து, ஈரப்பாசி ஒரு பிடி போட்ட பெரிய ஒளி ஊடுருவும் டப்பாவில் கன்றைப் பாசிமேல் சும்மா வைத்து, மூடியை விரலளவு திறந்து நிழலில் விடுங்கள். டப்பாமேல் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

வேர்நுனி காலையில் கடித்தாற்போல் இருந்தால் நத்தை. இரவில் டார்ச் எடுத்துப் போய்த் தேடுங்கள். பகலில் கப்பின் அடி ஓட்டையைப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. பஞ்சுக்குச்சியில் சாராயம் தொட்டுத் துடைத்து, ஒரு வாரம் விட்டு மறுபடியும் துடையுங்கள், முட்டை ஒருமுறையில் போகாது. அடியிலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளானால் கவலைப்பட வேண்டாம், கன்று அதைத் தின்று புது வேர் விடுகிறது.

டெண்ட்ரோபியம் கரணை

கன்றே வராமல் தாய் சாகப்போகிறது என்றால் டெண்ட்ரோபியத்தில் இன்னொரு வழி உண்டு. கரும்புக்குக் கரணை வெட்டுவதுபோலத்தான். பூக்காத கணுக்கள் உள்ள பச்சைத் தண்டை, துண்டுக்கு இரண்டு மூன்று கணு வரும்படி வெட்டுங்கள். பூத்து முடிந்த கணுவிலிருந்து கன்று வராது. வெட்டுமுகங்களில் பட்டைத்தூள் பூசி ஒருநாள் உலர்த்தி, ஈரப்பாசி பரப்பிய தட்டில் படுக்கவையுங்கள், புதைக்க வேண்டாம். 25 டிகிரிக்குக் குறையாத நிழலில் இரண்டு மூன்று மாதத்தில் கணுவில் பச்சை முளைக்கும். கரணை சுருங்கி மஞ்சளாவது இயல்பு, கன்று அதிலிருந்துதான் சாப்பிடுகிறது. கறுத்துக் குழைந்தால் தூக்கிப் போடுங்கள். வேர் 3 சென்டிமீட்டர் ஆனதும் மேலே சொன்னபடி கப்பில் நடலாம்.

ஒரு வருடம் கழித்து, வேர் கப்பைச் சுற்றி நிறைந்ததும் 10 சென்டிமீட்டர் சாடிக்கு மாற்றுங்கள். ஃபலெனோப்சிஸ் கன்று பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும், டெண்ட்ரோபியம் அதைவிடச் சீக்கிரம். மூன்று இலையோடு நிற்கும் கன்று முதல் வருடமே பூந்தண்டு நீட்டினால், ஆசையாகத்தான் இருக்கும், விரலளவு வந்ததும் வெட்டிவிடுங்கள்.